அப்பாவின் கையில் இல்லாத கடிகாரம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதற்குக் காசா பணமா. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் அந்தச் சொல்லை உங்கப்பா கொஞ்ச நாளாகப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் அதன் சாயமே போய்விட்டது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் அவர் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், நான் வாயைத் திறந்தால் முறைத்தே பூட்டுப் போடுகிறார். கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது. படித்து முடிக்கும்வரை போனைத் தொடாதே, சொல்லிவிட்டேன்.

முதலில் உனக்குப் பிடித்த செய்தி. ஏரிக்கரை ஓட்டக் குழு அமோகமாக இருக்கிறது. கோழிகூடப் புரண்டு படுக்கிற நேரத்தில் எழுந்து, துரத்துவதற்கு ஒரு நாய்கூட இல்லாமல், தாங்களாகவே ஓடுகிறார்கள். இன்ஷூரன்ஸ் விற்கிறவர் ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டியதிலிருந்து கேப்டன் ஆகிவிட்டார். அவர் போட்ட சட்டம் உனக்குத் தெரிந்ததுதானே, கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது, எல்லோரும் நின்று கைதட்ட வேண்டும். அந்தக் கடைசி ஆள் யார் என்பதும் உனக்குத் தெரியும். ரிட்டையர் ஆனபின் வீட்டில் என் காலைச் சுற்றிக்கொண்டிருந்த மனுஷனை நீ ஷூ அனுப்பி ஓட வைத்தாய், புண்ணியவதி. அவர் ஏரியைச் சுற்றி வருவதற்குள், கூட ஓடுகிற பல் டாக்டரம்மாவின் முதல் நோயாளி வீங்கின கன்னத்தோடு கிளினிக் வாசலில் காத்திருப்பார். பேக்கரிக்காரர் அடுப்பில் வைத்த ரொட்டியை நினைத்துக்கொண்டே கைதட்டுவார். இவர் மட்டும் பதக்கம் வாங்கினவர் மாதிரி வீட்டுக்கு வருவார்.

இனிமேல்தான் விஷயம். பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை, மானத்துக்குத்தான். ஓடுவதற்கு முன் காலை நீட்டி மடக்க வேண்டும் என்று நீ சொல்லிக்கொடுத்தாய் அல்லவா, அதற்கு இந்த வீட்டில் எத்தனையோ நாற்காலி இருக்க, உயரம் சரியாக இருக்கிறது என்று உங்கப்பா வாஷிங் மெஷின்மேல் காலைத் தூக்கி வைத்தார். மெஷின் அப்போது துணியைப் பிழிந்துகொண்டிருந்தது. அது ஒரு குதி குதித்தது, இவர் ஒரு குதி குதித்தார், அப்புறம் இவர் மட்டும் கீழே கிடந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்று தரையில் கிடந்தபடியே எனக்குப் பழமொழி சொன்னார். யானை எந்தக் காலத்தில் மெஷின்மேல் காலை வைத்தது என்று கேட்டுக்கொண்டே தூக்கினேன். முழங்காலில் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். பல மாதத்துக்கு ஓட்டம் கூடாது, அப்புறமும் முடியுமா என்பதைப் பிறகுதான் பார்க்க வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது கட்டும் கைத்தடியுமாக இருக்கிறார்.

இரு, தினமும் அப்பா ஓடுவது எனக்கு இங்கே தெரிகிறதே என்று நீ கேட்பாய். தெரியத்தான் செய்யும். ஓடினதையெல்லாம் உன் போனுக்குப் போட்டுக்கொடுக்கும் என்று நீ ஆசையாக வாங்கி அனுப்பிய கடிகாரம் ஓடுகிறது, அப்பா ஓடவில்லை. விழுந்த மறுநாளே, ஏன் இன்னிக்கு ஓடலைன்னு நீ பதறிக்கொண்டு கேட்டாய், கடிகாரத்துக்கு சார்ஜ் இல்லம்மா என்று ஒரு புளுகு விட்டார். அதோடு விட்டாரா. குழுவையே வீட்டுக்கு வரவழைத்து, என் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்து, ஆளுக்கொரு நாள் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஓடுவதாக முடிவு செய்தார்கள். படித்தவர்கள், பெரியவர்கள், ஒருத்தருக்காவது வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. பல் டாக்டரம்மா மெதுவாக ஓடுவதாகத்தான் சத்தியம் செய்தாள், அரைச் சுற்றிலேயே சத்தியம் மறந்துவிட்டது. அன்றைக்குத்தான் நீ கூப்பிட்டு, அப்பா, உங்களுக்கு முப்பது வயசுக்காரர் இதயம்னு காட்டுதுப்பா என்று குதித்தாய். அவளுக்கு முப்பதுதானே வயது. பேக்கரிக்காரர் ஓடின அன்று நடுவில் கடைக்குள் நுழைந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். நீ வரைபடத்தில் அதைக் கண்டுபிடித்து, சர்க்கரையை வச்சிக்கிட்டு பேக்கரில என்னப்பா வேலை என்று வாங்கு வாங்கென்று வாங்கினாய். தின்னாத பன்னுக்கு உங்கப்பா, இனிமே போகமாட்டேம்மா என்று மன்னிப்புக் கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலித்ததுதான் மிச்சம்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் கெட்டிக்காரரும் இல்லை. அடுத்த மாதம் ஏரிக்கரைப் பந்தயத்தில் அப்பாவும் நானும் சேர்ந்து இருபத்தோரு கிலோமீட்டர் ஓடப்போறோம், பேர் குடுத்துட்டேன், லீவும் போட்டுட்டேன் என்று நீ சொன்னாயே, அன்றைக்குப் பார்க்க வேண்டும் அவர் முகத்தை. சரிம்மா, ஓடிரலாம் என்கிறார் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு. விஷயம் தெரிந்ததும் கேப்டன் ஊதின விசிலை விழுங்கினவர் மாதிரி ஆனார். பல் டாக்டரம்மா, பாவம் அங்கிள் அந்தப் பொண்ணு, சொல்லிருங்க என்று கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். இவர் மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

எனக்கு வந்த கோபத்தில், பெற்ற பெண்ணிடம் எதற்கு இந்த நாடகம் என்று பிடித்துக் கேட்டேன். கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, ஓடலைன்னா அவகிட்ட நான் என்னத்தப் பேசறது என்றார். யோசித்துப் பார், நீ போன புதிதில் நீயும் அப்பாவும் என்ன பேசினீர்கள். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்பா, மழையா, ஆமாப்பா, இரு அம்மாகிட்ட குடுக்கறேன், அவ்வளவுதான். இந்த ஓட்டம் வந்தபின்தான் மூச்சை எப்படி விடுவது, எந்த ஷூ கடிக்கிறது என்று நீங்கள் இருவரும் பேசப் பேச எனக்குப் போனே கிடைக்காமல் போயிற்று. அதைக் கேலி செய்தேனே தவிர, அடுப்படியில் நின்று கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை. கால் போனதைவிட அந்தப் பேச்சு போய்விடுமோ என்றுதான் அந்த மனுஷன் பயந்து சாகிறார்.

அதனால் உனக்கு இப்போது சில வேலைகள். லீவை ரத்து செய்யாதே. அவரைத் திட்டாதே, திட்டுகிற வேலையை நான் குறைவில்லாமல் செய்துகொண்டிருக்கிறேன். நீயாகவே கூப்பிட்டு, கால் எப்படிப்பா இருக்கு என்று கேள், நான்தான் போட்டுக்கொடுத்தேன் என்று தாராளமாகச் சொல். அப்புறம் ஓட்டத்தைத் தவிர வேறு ஏதாவது கேள். அந்த வாஷிங் மெஷின் எப்படிக் குதித்தது என்று கேட்டால் போதும், அவர் மெஷின் கம்பெனிக்காரன்மேல் ஒரு மணி நேரம் குறை சொல்வார். உனக்கும் அங்கே குழாய் ஒழுகுகிறது என்றாயே, அதைக் கேள். தண்ணீர் ஆபீசில் காலத்தைத் தள்ளினவருக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் முழுக்க அப்பா ஆமை மாதிரி ஓடுகிறார், வழியில் நாலு இடத்தில் நிற்கிறார், நெஞ்சு வலியோ என்று நீ அழாத குறையாகக் கேட்டாய். நெஞ்சு வலி இல்லை குட்டி. அது நான். நீ ஷெல்பில் விட்டுவிட்டுப் போன பழைய ஷூவில் நுனியில் பஞ்சை அடைத்துப் போட்டுக்கொண்டு, உங்கள் பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று, அவர் கடிகாரத்தைக் கட்டிவிட, நான்தான் ஓடினேன். ஓடினேன் என்பது பெரிய வார்த்தை, உருண்டேன். ஏரி மூலையில் கைத்தடியோடு நின்றுகொண்டு, மூச்சை மூக்கால விடு, தோளைத் தளத்து என்று உலக சாம்பியன் எனக்குப் பாடம் எடுக்கிறார். கடைசியாகத்தான் வந்து சேர்ந்தேன். இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று இத்தனை நாள் கேட்டவள் நான், அத்தனை பேரும் வேலைக்குப் போகாமல் நின்று எனக்குக் கைதட்டியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வேர்வை என்று சொல்லிச் சமாளித்தேன்.

நீ எடுத்த காரியமெல்லாம் ஜெயமாகி, நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரைக் குடிக்காதே. மறக்காமல் பந்தயத்தில் அப்பா பேரை எடுத்துவிட்டு என் பேரைப் போடு, இருபத்தொன்று வேண்டாம், இருப்பதிலேயே சின்ன ஓட்டமாகப் பார். நீ சீக்கிரம் முடித்துவிடுவாய், தெரியும். முடித்துவிட்டு அப்பா பக்கத்தில் போய் நின்றுகொண்டு அவரோடு பேசிக்கொண்டிரு. நான் எவ்வளவு மெதுவாக வர வேண்டுமோ அவ்வளவு மெதுவாக வருகிறேன். கடைசி ஆள் வரும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது, அது எங்கள் குழுவின் சட்டம்.

இப்படிக்கு,
நெஞ்சு வலி எதுவும் இல்லாத
உன் அம்மா