துடிப்பு ஏறினால்தான் தெரியும்

பிப்ரவரி 6
இன்றும் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், மடியில் துணிக்கூடையோடு. இவர் கீழேயிருந்து எட்டிப் பார்த்து, "ஆரம்பிச்சிட்டியா?" என்றார். என்னவோ புருஷனைப் படுத்துவதற்கென்றே எனக்கு நெஞ்சு வலிக்கிற மாதிரி.

பிப்ரவரி 11
ஈசிஜி சரி. படுக்கவைத்து எடுத்த ஸ்கேனும் சரி. இவர் முகத்தில் பரீட்சை பாஸான பெருமை. டாக்டரம்மா விடவில்லை. "வேகமா நடக்க வெச்சு, துடிப்பு ஏறினதும் உடனே ஸ்கேன்ல பாக்கணும். இதயத்துக்கு ரத்தம் பத்தலன்னா அப்பத்தான் தெரியும்."

பிப்ரவரி 18
வீணாய்ப் போனது. டிரெட்மில்லில் கால் ஓய நடந்தும் துடிப்பு ஏறவேயில்லை. டெக்னீஷியன் பெண் கேட்டாள்: "காலையில பிரஷர் மாத்திரை போட்டீங்களா? அது துடிப்ப ஏறவிடாதே! நிறுத்தச் சொல்லி உங்க வீட்டுக்காரர்கிட்ட போன்லயே சொன்னேனே."
இவரைக் கேட்டேன். "மறந்துபோச்சு. அதுக்கென்ன இப்ப?"
அதுக்கென்னவா? ஏங்க, போறது என் உசுருங்க!

பிப்ரவரி 19
நாத்தனாரிடம் போனில் சொல்கிறார்: "அவ்வளவு நடக்க வெச்சாங்க, ஒண்ணும் ஆகல. எல்லாம் மனப்பிராந்தி." நான் அடுத்த அறையில்தான் இருக்கிறேன். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

பிப்ரவரி 27
இவரிடம் சொல்லவில்லை. டாக்டரம்மா சொன்னபடி மாத்திரையை நிறுத்திவிட்டுத் தங்கையோடு போனேன். நெஞ்சு இறுக இறுக நடந்தேன். நிறுத்திய கையோடு இடப்பக்கமாகப் படுக்கவைத்து விலாவில் கருவியை அழுத்தினாள் அந்தப் பெண். திரையில் இதயம் அடித்துக்கொள்கிறது. கீழ்ப்பக்கச் சுவர் மட்டும் அசையாமல் கிடக்கிறது. மற்றதெல்லாம் ஓடி உழைக்க, அது நின்று வேடிக்கை பார்த்தது. எங்கள் வீட்டிலும் ஒருவர் அப்படி உண்டு.
"ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கு போலிருக்கு" என்றார் டாக்டரம்மா. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "பயப்படாதீங்கம்மா." பயமா? நோய் வந்ததற்குச் சந்தோஷப்படுகிற பைத்தியம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நான் நடிக்கவில்லை. நடிக்கவேயில்லை.

மார்ச் 5
அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தாயிற்று. பார்க்க வந்த நாத்தனாரிடம் இவர், "இவளா வருவா? நான்தான் விடாப்பிடியா டெஸ்ட் எடுக்க வெச்சேன்" என்கிறார். "உன்னாலதான் அண்ணி பொழச்சாங்க" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அட ராமா!

மார்ச் 7
நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். "கொஞ்ச நாள் தங்கச்சி வீட்டுல இருக்கணுமாம், டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்றேன். "சரி, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் இவர்.
டாக்டரம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் சொன்னதை இவர் மறுபேச்சில்லாமல் நம்பியது இதுதான் முதல் தடவை.