வண்டியின் இன்னொரு சாவி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் அவரவர் வலிகளோடு நன்றாகத்தான் இருக்கிறோம், எனக்கு முழங்காலில் வலி, அவருக்கு என் பேச்சைக் கேட்பதில் வலி. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். நீ பழைய சின்ன கார் ஒன்று வாங்கியிருப்பதாகச் சொல்லி, அதற்கு அலாரம் வைப்பதா இம்மொபிலைசர் வைப்பதா என்று போனில் கேட்டதும் அப்பா சட்டென்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாரே, கவனித்தாயா? நம் காரில் நடந்ததை உனக்குச் சொல்லக்கூடாது, தனியாக இருக்கிற பிள்ளை பயந்துவிடும் என்பது அவர் கட்டளை. சொல்லாமல் விட்டால்தான் எனக்குப் பயம். அதனால் அவர் முடி வெட்டிக்கொள்ளப் போன நேரத்தில் எழுதுகிறேன்.

போன வருஷம் நாம் அந்தக் காரை வாங்கும்போது புரோக்கர் ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார், இன்னொன்று தொலைந்துவிட்டது என்றார், நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். தினமும் நான் அதை ஓட்டிக்கொண்டு போய் பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் சந்தில், சுவர் ஓரமாக நிறுத்துவேன். உனக்குத்தான் தெரியுமே, நான் வேலை செய்கிற அறைக்கு ஜன்னல் கிடையாது, காலையில் உள்ளே போனால் மாவு அச்சும் பல் செட்டுமாக நாலு மணிவரை வெளியுலகமே தெரியாது. ஒரு புதன்கிழமை நாலு மணிக்கு வந்து உட்கார்ந்தால் பிரேக்குக்குக் கால் எட்டவில்லை. சீட் பின்னால் தள்ளியிருந்தது. அப்பாவின் வேலை என்று நினைத்து வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன், அவர் காரைத் தொடவே இல்லை என்றார். அடுத்த புதன்கிழமையும் அப்படியே. இந்த முறை உள்ளே இருக்கிற கண்ணாடியும் கீழே சாய்ந்திருந்தது, பின்னால் வருகிற வண்டி தெரிகிற மாதிரி இல்லை, பின் சீட்டு தெரிகிற மாதிரி. திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஜன்னல் ஓரத்து சீட் பெல்ட் மாட்டியிருந்தது. ஆள் இல்லாத சீட்டில் பெல்ட், நன்றாக இழுத்து, க்ளிப் போட்டு.

அதற்கடுத்த வாரம் ஓடிய கிலோமீட்டரைக் காலையிலேயே குறித்து வைத்தேன். சாயங்காலம் பத்தொன்பது கிலோமீட்டர் கூடியிருந்தது. பானெட்டைத் தொட்டால் சூடு. ஆனால் கார் நான் விட்ட இடத்திலேயே, சுவரில் பெயர்ந்த செங்கலுக்கு நேராக முன் சக்கரம். பெட்ரோல் முள் மட்டும் காலையில் இருந்ததைவிட மேலே நின்றது. பெட்ரோல் போட்டுத் திருப்பி விடுகிற திருடனை நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? அப்பா முதலில் சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கார் எலக்ட்ரீஷியனிடம் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த மனிதர் சொன்னதைத்தான் உனக்கும் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். அலாரம் என்பது வெறும் சத்தம். கதவை நெம்பினாலோ கண்ணாடியைத் தட்டினாலோ கத்தும், பூனை குதித்தாலும் கத்தும், கத்திக் கத்திக் கடைசியில் தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இம்மொபிலைசர் கத்தாது, கதவையும் தடுக்காது, இன்ஜினை மட்டும் கிளம்ப விடாது. புதுக் கார்களுக்கு அது சாவிக்குள்ளேயே வருகிறது, நம்முடையதைப் போன்ற பழசுக்கு வயரை வெட்டித் தனியாக வைக்க வேண்டும். “சத்தம் வேணுமாம்மா, இல்ல வண்டி நகராம இருக்கணுமா?” என்று கேட்டார். பிறகு டார்ச் அடித்துக் கதவுப் பூட்டைப் பார்த்தார், ஒரு கீறல் இல்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, “இது நெம்பித் திறக்கறவன் இல்லம்மா. இவன்கிட்ட சாவி இருக்கு” என்றார். தொலைந்துவிட்டது என்று புரோக்கர் சொன்ன அந்த இன்னொரு சாவி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பூட்டையே மாற்றிவிடலாம், ஆனால் இந்த மாடலுக்குப் பூட்டு வர ஒரு மாதமாகும் என்பதால் இம்மொபிலைசரை மாட்டிக்கொண்டு வந்தோம். சாவிக்கொத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு பித்தான், அதை அழுத்தினால்தான் வண்டி உயிர் பெறும்.

அடுத்த புதன்கிழமை நல்ல மழை. நாலு மணிக்குப் பின் கதவைத் திறந்து சந்தில் இறங்கினேன். கார் அங்கேதான் இருந்தது. டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அசையவில்லை, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், பார்வை உள்ளே இருக்கிற அந்தக் கண்ணாடியில், வாய் மட்டும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் பெல்ட் மாட்டியிருந்த அந்த ஓரத்து ஜன்னல் மட்டும் உள்ளேயிருந்து ஆவி படிந்து வெளுத்திருந்தது. மற்ற கண்ணாடியெல்லாம் தெளிவாக இருந்தது கண்ணு, நான் ஏமாறவில்லை. ஓடியிருக்க வேண்டும், ஏனோ கால் முன்னால்தான் போனது. கண்ணாடியைத் தட்டினேன். அவர் இறக்கிவிட்டு, ஏதோ நான்தான் மெக்கானிக் என்பது போல, “வண்டி ஸ்டார்ட் ஆகலம்மா, ரெண்டு மணியிலேருந்து பாக்கறேன், அவளுக்கு நேரமாச்சு” என்றார். முகம் யாரென்று தெரியவில்லை. ஆனால் பேசுகிற வாயை அடையாளம் தெரிந்தது. மேல் வரிசைப் பல் நான் கட்டியது. அவருடைய வாயின் அச்சு ஒரு வாரம் என் மேஜை மேல் இருந்தது.

மெல்ல மெல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கார் முன்பு அவருடையது. மனைவிக்குப் புதன்கிழமைதோறும் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ், இவர்தான் நாலு வருஷம் கூட்டிக்கொண்டு போனவர். அந்த அம்மா காலமான பிறகு மகன் காரை விற்றுவிட்டான், ஒரு சாவி இவர் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. பல் கட்ட வந்த அன்று சந்தில் காரைப் பார்த்திருக்கிறார். “நான் திருடலம்மா. போகும்போது அவ இருப்பா, பேசிக்கிட்டே வருவா. திரும்பி வரும்போதுதான் சீட்டு காலி. அது கண்ணுல படக்கூடாதுன்னு பெல்ட்டை மாட்டிட்டு வருவேன்” என்றார்.

அப்பாவுக்குப் போன் செய்தேன், போலீசுக்குச் சொல் என்று குதித்தார். மகனின் நம்பரை வாங்கிப் பேசினேன், அந்தப் பிள்ளை போனிலேயே அழுதுவிட்டான், ஊரைத் தாண்டி எங்கோ வேலையில் இருக்கிறானாம், வர மூன்று மணி நேரமாகும் என்றான். அதுவரை இந்த மனிதரை மழையில் எங்கே நிறுத்துவது? பித்தானை அழுத்தி நானே ஓட்டினேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியை என் உயரத்துக்குத் திருப்ப எனக்குக் கை வரவில்லை, இரண்டு பக்கக் கண்ணாடியைப் பார்த்தே போனேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, பின் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, கையை ஒரு குள்ளமான ஆளின் தோள் உயரத்துக்கு வளைத்துப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுவரை நடந்தார். ஒவ்வொரு படியிலும் காத்திருந்தார். வாசலில் நின்ற வாட்ச்மேன் இரண்டு பேருக்கு வழி விடுவது போல ஒதுங்கியதைப் பார்த்தேன். அவர் திரும்பி வந்து சாவியை என் கையில் வைத்தார், “இனிமே எடுக்கமாட்டேன்” என்றார். எடுக்கவும் இல்லை. மகன் வந்து கூட்டிப்போனான், மன்னிப்புக் கேட்டான், புதுப் பூட்டும் அவனே வாங்கி மாட்டிக்கொடுத்தான்.

முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த புதன்கிழமை நாலு மணிக்கு வெளியே வந்தால், சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, வெறுங்கையோடு, காருக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓர் அடி நகர்ந்து யாருக்கோ இடம் விட்டார். நான் என்ன செய்வேன், சொல். முதலில் பின் கதவைத்தான் திறந்துவிட்டேன்.

இப்போது புதன்கிழமை வீட்டுக்கு வர ஏழு மணி ஆகிறது, அப்பா முணுமுணுக்கிறார், ஆனால் காபியை மூடி வைக்கிறார். நீ இம்மொபிலைசரே வைத்துக்கொள். அதற்கு முன்னால் பூட்டை மாற்று, உனக்கு முன்னால் அந்தக் காரில் யார் உட்கார்ந்தார்கள் என்று விற்றவரிடம் ஒரு வார்த்தை கேள். நீ நீண்ட ஆயுளோடு, மனசுக்குப் பிடித்தவர்கள் சூழ, போகிற வழியெல்லாம் பத்திரமாகப் போய் வர வேண்டும். வருகிற மாதம் கண் பரிசோதனை இருக்கிறது, மறந்துவிடாதே. இந்தக் கடிதத்தைப் பற்றி அப்பாவிடம் மூச்சு விடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா