குரோம் நிறத்தில் ஒரு கடல்

பிப்ரவரி 2003, ஞாயிறு இரவு. ஹேவ்லாக் தீவு, அந்தமான்.

தூக்கம் வரவில்லை. காலையில் நடந்ததே கண்ணில் நிற்கிறது.

படகு கரையை ஒட்டி நின்றது. கடல் பச்சையும் நீலமுமாக மின்னியது. படகுக்காரர் தமிழர்தான். "இறங்குங்கண்ணே, முட்டளவு தண்ணிதான்" என்றார். நான் புடவையைத் தூக்கிக்கொண்டு காலை நீட்டினேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார்.

"கால வெக்காத லில்லி. இது குரோம் தண்ணி."

இவர் ஆம்பூரில் தோல் பதனிடும் கம்பெனியில் டிரம் ஓட்டுகிறவர். தோலைக் குரோம் உப்பில் ஊறவைத்து முடித்ததும் டிரம்மிலிருந்து வடிகிற தண்ணீர் இதே நிறம்தான். அது கலந்த வாய்க்காலில் ஒரு புழுகூடப் பிழைக்காது; எங்கள் ஊரில் யாரும் கால் வைக்கமாட்டார்கள்.

"இன்னா கம்பெனி இருக்குது இங்க?" என்று படகுக்காரரைக் கேட்டார்.

"கம்பெனியா? மீனும் தென்னையும்தாண்ணே இருக்கு."

எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு தூரம் வந்தும் இப்படியா?

இவர் குனிந்து ஒரு கை அள்ளினார். உள்ளங்கையில் நிறமே இல்லை. ரேகை தெரிந்தது. மோந்து பார்த்தார். கொட்டிவிட்டு மறுபடி அள்ளினார். பிறகு செருப்பைக் கழற்றிப் படகில் வைத்துவிட்டு, மெதுவாக இறங்கினார்.

மத்தியானம் கரையோரக் கடையில் வாழையிலையில் சுட்ட மீன் தந்தார்கள். அப்படி ஒரு ருசி. இவர் பாதியிலேயே எழுந்து கடலுக்குப் போய்விட்டார். நான் போனபோது இடுப்பளவு தண்ணீரில் அசையாமல் நின்றிருந்தார்.

"தண்ணி அசையாம வா" என்றார், ஜெபத்தில் பேசுகிற குரலில். "இந்த நிறத்துக்குள்ள மீனு உசுரோட ஓடுது."