பேப்பரில் விழுந்த ஓட்டை

சேரப்பணஞ்சேரி,
18-8-1978

அன்பு மகள் பிலோமினாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் தம்பி ஆபிரகாமும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் ராஞ்சியில் அப்படியே இருக்க வேண்டும் என்று பூசையில் வேண்டிக்கொண்டோம். அங்கே மழை விடவில்லை என்று எழுதியிருந்தாய், ராத்திரி டியூட்டி முடிந்து வார்டிலிருந்து நனைந்துகொண்டே விடுதிக்கு நடக்காதே, ஒரு குடை வாங்கிக்கொள், பிறத்தியார் காய்ச்சலைப் பார்க்கிறவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது. உன் கடிதம் வந்து நாளாகிறது, பதில் எழுத மனசு வரவில்லை. இன்று வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை என்பதால் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு அலுத்துவிட்டது அம்மா. நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவனுக்கு என்ன கஷ்டம் என்று ஊரில் கேட்கிறார்கள். கதவைத் திறந்து பெருக்கி, அன்றைய பேப்பரில் முத்திரை குத்தி, தாள் தாளாகப் பிரித்து மேசையில் போட்டு, திரும்பி வந்த புத்தகத்தில் கிழிசல் பார்த்து, அவரவர் உறுப்பினர் அட்டையைத் தேடிக் கொடுத்து, எண் பார்த்து அலமாரியில் திரும்ப அடுக்குவதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. கரையானுக்கு மருந்து அடித்தால் எனக்குத்தான் மூச்சு இரைக்கிறது, கரையான் சௌக்கியமாக இருக்கிறது.

இதெல்லாம் பழகினதுதான், இப்போது நடந்தது வேறு. போன மாதத்திலிருந்து பேப்பரில் ஓட்டை விழ ஆரம்பித்தது. அம்பத்தூர், ஆவடி கம்பெனிகளில் ஆள் எடுக்கிற விளம்பரம் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை மட்டும் யாரோ பிளேடு வைத்து அறுத்து எடுத்துவிடுகிறார்கள். காலையில் முழுசாக இருக்கிற பேப்பர், மதியம் மூடி மறுபடி நாலு மணிக்குத் திறந்தால் ஓட்டையாக இருக்கும். சாயங்காலம் வருகிறவர்கள் எல்லாம் வேலை தேடுகிற பிள்ளைகள், அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்துச் சண்டைக்கு வருவார்கள். காலையில் கடைசியாக அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு, மூடும் வரைக்கும் உட்கார்ந்திருப்பவன் கோதண்டம். ரைஸ் மில் மூடினதிலிருந்து அவனுக்கு வேலை இல்லை, இரண்டு பிள்ளைகள். வேறு யாராக இருக்கும் என்று, எல்லோரும் பார்க்க அவனுடைய அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு இனிமேல் வராதே என்றேன். நானா சார் என்று ஒரு தரம் கேட்டான், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாளிலிருந்து பேப்பர் முழுசாக இருந்தது. பார்த்தாயா, சரியான ஆளைத்தான் பிடித்தேன் என்று எனக்குப் பெருமை வேறு. அந்த வாரம் முழுக்கத் தம்பிக்குக் காய்ச்சல், மதியச் சோறு கொண்டுவர ஆள் இல்லை என்று அம்மா காலையிலேயே தூக்குவாளியில் போட்டுக் கொடுத்துவிட்டாள். காய்ச்சல் விட்டுத் தம்பி மறுபடி சோறு எடுத்துக்கொண்டு வந்தான். நான் சாப்பிட்டுப் பின்பக்கம் பம்பில் கை கழுவி, பெஞ்சில் கண்ணசந்தேன். சாயங்காலம் திறந்தால் பேப்பரில் ஓட்டை. கோதண்டம் அந்தப் பக்கமே வரவில்லை, பிலோமினா. மூடின கதவுக்கு உள்ளே இருந்தது நானும் தம்பியும்தான்.

வீட்டுக்கு வந்து தம்பியை உட்காரவைத்துக் கேட்டேன். மறைக்கவில்லை. பத்து பேர் மனு போட்டா எனக்கு இன்னாப்பா கெடைக்கும் என்றான். பாலிடெக்னிக் முடித்து மூன்று வருஷமாக வீட்டில் இருக்கிறவன் அவன். கை ஓங்கினேன், அடிக்க வரவில்லை. அம்மா அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

நான் நாலு பேர் எதிரில் கோதண்டத்தைத் திருடன் ஆக்கினேன், அதனால் நாலு பேர் எதிரில்தான் சொல்ல வேண்டும் என்று மறுநாள் சாயங்காலம் தம்பியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வெட்டினது என் பிள்ளை என்று சொன்னேன். தம்பியின் அட்டையையும் வாங்கி வைத்துவிட்டேன். அப்புறம் கோதண்டத்தின் அட்டையை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்கள். அட்டையை மட்டும் வாங்கவில்லை. “உங்க மேல கோவம் இல்ல சார், அந்தப் படி ஏற எனக்குக் கால் வர்ல” என்றான். உனக்கு நினைவிருக்கும், நர்ஸ் பயிற்சி விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு, சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டு, வேகாத வெயிலில் சைக்கிள் மிதித்து நம் வாசலில் வந்து கொடுத்தது அவன்தான். நான் தினமும் அந்தப் பேப்பரைப் பிரித்துப் போடுகிறவன், என் கண்ணில் படவில்லை. அவனைத்தான் வெட்டினவன் என்றேன்.

இப்போது தினமும் காலையில் தம்பி என்னோடு வருகிறான். வேலை விளம்பரம் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதி நூலக வாசலில் மாட்டுகிறான், மனு போட வேண்டிய விலாசம், கடைசித் தேதி எல்லாம். அதுதான் அவனுக்கு நான் கொடுத்த தண்டனை. நீ அவனைத் திட்டி எழுதாதே, ஊர் பார்க்கிற பார்வையே அவனுக்குப் போதும். அங்கே ஏதாவது கம்பெனியில் ஆள் எடுத்தால் தெரியப்படுத்து, ஆனால் சிபாரிசுக்கு யார் காலிலும் விழாதே. அம்மாவுக்கு முட்டி வலி, நீ அனுப்பின தைலம் தீர்ந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்குமா என்று தினமும் கேட்கிறாள்.

ஒன்று மட்டும் மறக்காமல் செய். கோதண்டத்துக்கு ஒரு கார்டு போடு. எனக்காகப் பரிந்து ஒன்றும் எழுத வேண்டாம். நீங்கள் கொண்டுவந்து கொடுத்த வேலையில்தான் இருக்கிறேன் அண்ணே, நன்றாக இருக்கிறேன் என்று எழுது, போதும்.

நேற்று அவன் நூலகத்துக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரமாகச் சைக்கிளை ஊன்றிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பலகையைப் படித்தான். தம்பி ஓடிப்போய் உள்ளே வாங்கண்ணே என்று கூப்பிட்டான். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். நாளையிலிருந்து எழுத்தைப் பெரிசாக எழுதச் சொல்லியிருக்கிறேன், ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அவனுக்குத் தெரிய வேண்டும்.

மாதா உன் கூடவே இருந்து உன்னைக் காப்பாற்றட்டும். வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
லாசர்