அண்ணாந்து குடிக்க முடியாத இடம்

12 ஆகஸ்ட், செவ்வாய்

எட்டாம் வகுப்பில் இன்று விண்வெளி வாழ்க்கைப் பாடம். அங்கே சிறுநீரையே சுத்திகரித்துக் குடிப்பார்கள் என்றேன். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. யாரெல்லாம் போகத் தயார் என்று கேட்டேன். வகுப்பே கை தூக்கியது.

ஜெனிஃபர் எழுந்தாள். "சார், அங்க எப்டி அண்ணாந்து குடிப்பாங்க?"

"முடியாதும்மா. தண்ணி கீழ விழாது. வாய் வெச்சு உறிஞ்சணும்."

"எச்சில் பண்ணியா சார்?"

வகுப்பே 'ச்சீ' என்றது. தூக்கிய கைகளெல்லாம் இறங்கிவிட்டன. ஆளுக்கொரு தண்ணீர்ப் பை உண்டு என்று நான் கத்தியதை யாரும் கேட்கவில்லை.

கத்திக் கத்தித் தொண்டை வறண்டு வீட்டுக்கு வந்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டிலை அப்படியே வாயில் வைத்தேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"விண்வெளியில எல்லாரும் இப்படித்தான். அங்க தண்ணி கீழ விழாது" என்றேன்.

"தாம்பரத்துல விழுதுல்ல?"