பதினொரு பேருக்குச் சுக்குக் காபி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுங்கள். இனி எடுத்துத் தர ஆளில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் ஊருக்கு வரும் பக்கத்து அறை யூசுப் பாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவின் காரியத்துக்கு நான் வர முடியாததால், ஞாயிற்றுக்கிழமை துவாஸ் தொழிலாளர் விடுதியில் என் அறைக்கே பதினொரு பேர் துக்கம் கேட்க வந்தார்கள். வந்தவர்களைச் சும்மா அனுப்ப அம்மா விடுவாளா? தேக்கா சந்தையில் வாங்கிய சுக்கையும் மல்லியையும் தட்டிப்போட்டு, கருப்பட்டி கரைத்துக் காபி வைத்தேன். காரம் தூக்கல்தான். ஆனாலும் மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். விருந்தாளி வந்த மாதிரி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கிளம்பும்போது அம்மா மாதிரியே வாசலில் நின்று, "போயிட்டு வாங்க" என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை. யூசுப் பாய் மட்டும் "வர்றேன் தம்பி" என்று வாயெடுத்தார். எங்கள் ஃபோர்மேன் கோவிந்தராசு அண்ணன் அவர் கையைப் பிடித்தார்.

"எழவு வீடு பாய். சொல்லிக்காம வாங்க."

அதுவரை அது வெறும் பன்னிரண்டு கட்டில் போட்ட அறைதான் அப்பா.

நம் வீட்டிலிருந்தும் பாய் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்புவார். தப்பாக நினைக்காமல், பின்னாலேயே போய் அம்மாவின் சுக்குப் பொடி டப்பாவைக் கொடுத்துவிடுங்கள்.

பாய்க்கு டாக்சி வந்துவிட்டது. போன தடவை அம்மா அந்த டப்பாவை நீட்டியபோது, பையில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். இடம் இருந்தது அப்பா.

உங்கள் மகன்,
மதியழகன்