காஸ்பாச்சோ யார் வீட்டுப் பிள்ளை?

எசிஹா, ஸ்பெயின், ஜூலை 9

என் கன்சோலாவுக்கு,

நீ நலமா? நான் நலமில்லை. ஒரு வாரம் என்று சொல்லி மலாகாவில் இருக்கும் உன் தங்கை பாஸ்தோரா வீட்டுக்குப் போனாய். இது மூன்றாவது வாரம். இந்த வெயிலில் நாய்கூட நிழலை விட்டு நகரவில்லை. நான்தான் அடுப்படிக்கும் வாசலுக்கும் அலைகிறேன்.

நேற்று நம் கடையில் பெரிய சண்டை. நாம் விற்கும் குளிர்ந்த தக்காளி சூப்புக்குக் காஸ்பாச்சோ என்ற பெயர் எப்படி வந்தது? ஊறிய ரொட்டியைச் சொல்லும் அரபுச் சொல் என்றேன். துண்டு துணுக்கைக் குறிக்கும், ரோமர்களுக்கும் முந்திய சொல் என்றார் வாத்தியார். கண்டதையும் போடுகிற கோயில் உண்டியலின் பெயர் என்றார் மருந்துக்கடைக்காரர். லாரிக்காரன் கிண்ணத்தைத் தள்ளினான்: "பேரு எங்கேருந்து வந்தா என்னண்ணே, ருசி எங்க போச்சு? அக்கா ஊர்ல இல்லியா?"

தக்காளி, பூண்டு, வினிகர் எல்லாம் அதேதான். எப்போது வருகிறாய்?

உன்
பால்தோமேரோ

மலாகா, ஜூலை 14

பால்தோமேரோ,

பெயரின் பூர்வீகத்தை ஊரெல்லாம் விசாரிக்கிறாய். போன மாதம் கடைக்கு வந்த பத்திரிகைக்காரப் பெண் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, இதைச் செய்தது யார் என்று கேட்டபோது என்ன சொன்னாய்? "எங்கம்மா பக்குவம்மா. அரைக்கிறது நான்தான்!" உள்ளே வெள்ளரிக்காய் சீவிக்கொண்டிருந்த எனக்குக் காது நன்றாகவே கேட்கும். உன் அம்மாவுக்கு, ஆண்டவர் அவருக்கு அமைதி தரட்டும், வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

இங்கே பாஸ்தோராவின் கடற்கரைக் கடையில் பாதாமும் பூண்டும் அரைத்து வெள்ளை சூப் செய்கிறேன். குடித்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து என் பெயரைக் கேட்கிறார்கள். நான் வருவதாக இல்லை.

கன்சோலா

எசிஹா, ஜூலை 19

கன்சோலா,

கடை வாசல் பலகையில் 'பால்தோமேரோவின் காஸ்பாச்சோ' என்றிருந்ததை அழித்து உன் பெயரை எழுதினேன். வாத்தியார் பார்த்துச் சிரித்தார்: "செய்யறது நீங்க, பேரு அவங்களுதா? பழைய பொய்யே தேவலையே ஐயா!" அதையும் அழித்தேன். இப்போது வெறும் பலகை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. நான் என்னதான் செய்யட்டும்?

பால்தோமேரோ

மலாகா, ஜூலை 23

பாதாம் தோல் உரிக்க ஆள் வேண்டும். கூலி கிடையாது. வந்தால் உள்ளேதான் வேலை. வாடிக்கையாளரிடம் பேசுவது நான்தான். யோசித்துக்கொள்.

கன்சோலா

எசிஹா பேருந்து நிலையம், ஜூலை 26

கன்சோலா,

கடையைப் பூட்டிவிட்டேன். "எப்பத் திரும்புவீங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தேன். பேருந்து இன்னும் வரவில்லை. கை சும்மா இருக்க மறுக்கிறது, அதனால் எழுதுகிறேன். எப்படியும் இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிடுவேன். தட்டுவது யாரென்று கேட்காதே, கேட்டால் பேச ஆரம்பித்துவிடுவேன். கதவை மட்டும் திற.

பால்தோமேரோ